கடைசி ஈட்டுக் குஞ்சுகளுக்குச் சம்மதம் கேட்டு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கு சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று மதியம் உங்கள் மகள் சமையலறையில் நின்று உங்களோடு போனில் பேசியதை முழுக்கக் கேட்டபடிதான் நான் சாப்பிட்டு முடித்தேன் என்பதால், உங்கள் முழங்கால் வலி, புது வீட்டில் லிஃப்ட் நின்றுபோனது, மேல்வீட்டுக்காரர் நாற்காலியைத் தரதரவென்று இழுப்பது எல்லாம் எனக்கு ஏற்கெனவே அத்துப்படி. முழங்காலுக்கு என் அனுதாபம். லிஃப்டுக்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. குழாய் ஒழுகினால் மட்டும் சொல்லுங்கள், அது என் இலாகா.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது என்னிடம் ஒப்படைத்த சாம்பல் பெட்டைப்புறா, கண்ணை மூடுவதற்கு முன் இரண்டு ஈடு முட்டை இட்டது அல்லவா, ஈட்டுக்கு இரண்டாக? பருவம் முடிந்து ஊரே கூண்டைக் கழுவி வைத்த பிறகு பொரித்த அந்த நாலு குஞ்சுகளும் இப்போது குஞ்சுகள் இல்லை. புறாக்கள். பந்தயப் புறாக்கள். இந்த வருடத்தின் கடைசி இளம்புறாப் பந்தயத்தில் நாலையும் விடுவதென்று நான் முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்த பிறகுதான் தெரிந்தது, முடிவு செய்ய வேண்டிய ஆள் நீங்கள் என்று. பெட்டையோடு சேர்த்து நீங்கள் ஒரு கவரில் போட்டுக் கொடுத்த உங்கள் பழைய கால்வளையங்களைத்தான், இவை பொரித்த வாரமே இவற்றின் காலில் மாட்டினேன். உங்கள் வம்சம் உங்கள் வளையத்தோடு இருக்கட்டும் என்று ஒரு மரியாதைக்காகச் செய்தது. மரியாதை செய்தால் இப்படித்தான் வந்து விடியும். வளையம் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் பறவையைப் பந்தயக் கூடையில் ஏற்றுவோம் என்று கிளப்பில் ஒரு விதி இருக்கிறதாம். போனில் உங்களைக் கேட்டால் “பார்க்கலாம் சம்பந்தி” என்பீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

அந்த விதியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கிளப் செயலாளர். அதாவது எதிர்வரிசை டயர்க்கடைக்காரர். வருடா வருடம் இந்தப் பந்தயத்தில் முதலில் வருவது அவர் வீட்டுப் புறா என்பதும், விதிப் புத்தகம் அவர் மேஜை டிராயரில் இருப்பது என்பதும் வேறு வேறு விஷயங்கள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதி முடித்த தாளை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார். சம்மதக் கடிதம் கேட்டு எழுதுவதும் முறைப்படி இருக்க வேண்டுமாம். ஆகவே அவரைப் பற்றி இதில் நல்லதாகவே எழுதுகிறேன்: நல்ல டயர் வைத்திருக்கிறார்.

சரி, சரக்கைப் பற்றிப் பேசுவோம். சைக்கிள் கேரியரில் டின் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் குழாய் வாஷர் விற்றவன் நான். இன்றைக்கு மூன்று மாடிக் கடை. ஒரு குழாயைக் கையில் வாங்கினால் முழுப் பித்தளையா, மேல்பூச்சா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புறா மட்டும் என்ன, அதுவும் கையில் பிடிக்கிற பொருள்தானே. முதலில் எடை. கடைத் தராசில் நாலையும் வைத்துப் பார்த்தேன். என் பழைய புறாக்கள் எதுவும் இந்த எடை வராது. “அது கொழுப்புண்ணே” என்கிறார் எதிரில் இருப்பவர். கொழுப்போ தசையோ, உள்ளே சரக்கு இருக்கிறது என்பது நிச்சயம். அடுத்தது இறகு. காலத்தில் பொரித்த குஞ்சுகளுக்கு இந்நேரம் இறக்கையின் பத்துப் பெரிய இறகில் ஆறேழாவது உதிர்ந்து புதிதாக முளைத்திருக்கும், இவற்றுக்கு இரண்டுதான் மாறியிருக்கிறது என்று நீங்கள் போனமுறை வந்தபோது விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினீர்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள். பழையது இன்னும் உழைக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? உழைக்கிற பாகத்தை யாராவது கழற்றி மாற்றுவானா? வயது வந்த புறாவுக்கு மூக்கின் மேல் ஏறுகிற வெள்ளை இவற்றுக்கு ஏறவில்லை என்றும் சொன்னீர்கள். மூக்காலா பறக்கப்போகிறது?

கடைப் பையன்கள் நாலுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். இருப்பதிலேயே சின்னது வாஷர். நேராகப் போகாமல் எப்போதும் வளைந்தே பறப்பது எல்போ. கூண்டுக் கதவைத் திறந்தாலும் யோசித்து யோசித்து வெளியே வருவது கேட்வால்வு. நாலாவதின் பெயர் ஷவர், அதற்குக் காரணம் நான் விளக்க வேண்டியதில்லை, என் வெள்ளைச் சட்டைகளைத் துவைக்கிறவருக்குத் தெரியும்.

இவற்றை வளர்த்ததில் என் பக்கம் ஒரே ஒரு சின்ன விசேஷம் நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடிக் கூண்டில் மூத்த குஞ்சுகள் இவற்றைத் தீனி தின்ன விடாமல் கொத்தி விரட்டியதால் தனியாகக் கீழே கொல்லைப்புறத்தில், வேன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தேன். தீனிக்குக் கூப்பிட நீங்கள் எல்லாம் தானிய டப்பாவை ஆட்டுவீர்கள். அந்த நேரத்தில் என் கைக்கு அகப்பட்டது பித்தளை நட்டு போட்ட டின். சத்தம் என்னவோ அதைவிட நன்றாகவே கேட்டது, தினமும் அதையே ஆட்டிப் பழக்கிவிட்டேன். குஞ்சுகள் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு ஆட்டு ஆட்டினால் நாலும் தலைமேல். பிரச்சினை என்னவென்றால், என் கடையில் காலையிலிருந்து மாலை வரை யாராவது நட்டு டின்னை ஆட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். போன வாரம் ஒரு அம்மா குளியலறைக்குக் குழாய் பார்க்க வந்தார். கவுண்டர் பையன் நட்டு எடுக்க டின்னைக் குலுக்கினான். மறுநிமிடம் நாலும் வாசல் வழியாக உள்ளே பாய்ந்து அந்த அம்மாவின் கைப்பை மேல் ஒன்று, தோளில் ஒன்று, கண்ணாடி ஷெல்பில் இரண்டு. “என்னங்க இது, கடையா சரணாலயமா?” என்று அவர் கத்த, நான் “ரெண்டும்தாம்மா, உக்காருங்க” என்று நாற்காலி போட்டேன். கடைசியில் அந்த அம்மா இரண்டு குழாய் சேர்த்தே வாங்கிப் போனார். கூப்பிட்டவுடன் வருகிறதா இல்லையா என்பதுதானே ஒரு பந்தயப் புறாவின் முதல் இலட்சணம்? வருகிறது. ஒழுக்கம் என்றால் அது ஒழுக்கம்.

பயிற்சியும் முறைப்படி கொடுத்தாயிற்று. முதல்முறை நானே கூடையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே மைதானம் வரை போய்த் திறந்துவிட்டேன். மேலே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றின பாருங்கள், என் நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஒன்றையும் காணோம். மாடியில் நின்று நின்று கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சாயங்காலம் நம் வாடிக்கையாளர் ஒரு பிளம்பர் கை அலம்பும் பேசின் வந்த அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். “முதலாளி, உங்க சரக்கு நாலு பீஸ் எங்க சைட்டுக்கு வந்து எறங்கிடுச்சு. நான் நட்டு டப்பாவத்தான் தொறந்தேன். அதுலேர்ந்து எம் மேலேயே உக்காந்துக்கிட்டு வேலை செய்ய விடலை. திருப்பி எடுத்துக்குங்க” என்றார். என் வியாபார வாழ்க்கையில் பில் இல்லாமல் திருப்பி எடுத்துக்கொண்ட முதல் சரக்கு அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், ஊரில் எத்தனையோ கூரை இருக்க, அவை போய் இறங்கியது நம் வாடிக்கையாளரிடம்.

பிறகு பருந்து வந்த கதை. மாடியில் காலையில் பறக்க விட்டிருந்தபோது கோபுரம் மாதிரி உயரத்திலிருந்து ஒரு பருந்து இறங்கியது. மூத்த புறாக்கள் எல்லாம் சிதறி ஆளுக்கொரு திசையில் பறந்து தப்பித்தன. இவை நாலும் சிதறவே இல்லை, நேரே கீழே பாய்ந்தன. விற்பனைக்கு வாசலில் நிறுத்தியிருந்த காலித் தண்ணீர்த் தொட்டியின் வாய் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறங்கிவிட்டன. பருந்து போய்ப் பொழுது சாய்ந்தும் வெளியே வரவில்லை. தொட்டியைச் சாய்த்து என் மனைவி உள்ளே தலையை விட்டுப் பார்த்து, “ஏங்க, நாலும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்து நடுங்குதுங்க” என்றாள். நடுக்கம் அல்ல சம்பந்தி, அது முன்யோசனை. பருந்தோடு பறந்து ஜெயிக்க முயல்கிற புறா முட்டாள் புறா.

இனி முக்கியமான பயிற்சிக்கு வருகிறேன். தூரப் பயிற்சி. வேன் டிரைவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது கூடையையும் ஏற்றி, பெரிய பாலம் தாண்டித் திறந்துவிடச் சொல்லி அனுப்பினேன். நான் கடிகாரமும் கையுமாக மாடியில். மதியம் வரை வானத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. சாப்பிடக் கீழே இறங்கலாமா என்று நினைக்கும்போது தெருமுனையில் நம் வேன் திரும்புகிறது. வேனுக்கு மேலே, நாலும்! வேன் வேகத்தடையில் மெதுவானால் இவையும் ஒரு சுற்றுச் சுற்றி நேரத்தைக் கடத்துகின்றன. வேன் ஹாரன் அடித்தால் இவையும் வழிவிட்டு விலகுகின்றன. டிரைவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. “முதலாளி, தொறந்துவிட்டேன், மேல போச்சு. சரி போயிடுச்சுன்னு வண்டிய எடுத்தேன். பின்னாடி லூஸா கெடந்த பிட்டிங்ஸ் கடகடன்னு ஆட ஆரம்பிச்சுது, அவ்வளவுதான். திரும்பிப் பாத்தா மேலேயே வருதுங்க. மூணு எடத்துல சரக்கு எறக்கினேன், மூணு எடத்துலயும் கம்பியில வரிசையா உக்காந்து எனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சுங்க. அதுங்க பாக்குற பார்வையில நான் டீ குடிக்கக்கூட எறங்கலை” என்றான். அன்றைக்கு டெலிவரி சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் இவைதான். வழி தெரியாமல் வண்டியைப் பிடித்து வந்தவை என்று எதிரில் இருப்பவர் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மூன்று இடம் சுற்றி வளைத்து, காத்திருந்து, அவ்வளவு தூரத்தையும் சொந்த இறக்கையில் பறந்து வந்தவை, பந்தயத்தில் நேர்கோட்டில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. என் மனைவி நேற்று இரவு உணவைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள். “பந்தயத்தன்னிக்கு அதுங்களுக்கு முன்னாடி டின்ன ஆட்டிக்கிட்டு யார் ஓடுவா? நீங்களா?”

“மத்த புறாங்க பின்னாடியே வந்துடும்டி.”

“மத்த புறாங்க எல்லாம் அதது வீட்டுக்குப் போகும். நம்ம நாலும் அது பின்னாடியே போய் டயர்க்கடையில எறங்கும். அவரும் நல்ல மனுஷன், தீனி போட்டு வச்சுக்குவாரு.”

இந்த வரியைப் படித்துவிட்டு டயர்க்கடைக்காரர், “அண்ணிக்கு நம்ம மேல எவ்வளவு மரியாதை பாருங்கண்ணே” என்கிறார். மரியாதையாம்.

உங்கள் மகள் எப்போதும்போலக் குறைவாகத்தான் பேசினாள். “மாமா, அப்பா நாப்பது வருஷமா வளத்த வம்சத்துல பாக்கி இருக்கறது இந்த நாலுதான். போச்சுன்னா அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டாரு. அதான் எனக்கு பயம்.”

“நான் இருக்கேன்ல, ஏன் பயப்படறே?”

“நீங்க இருப்பீங்க மாமா. புறா இருக்கணுமே.”

என் பையன் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் அவனுக்குக் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம் அது. நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்: நூற்றைம்பது கிலோமீட்டர்தான், லாரியில் கொண்டுபோய் விடியற்காலையில் எல்லோர் புறாவோடும் சேர்த்துத் திறந்துவிடுவார்கள், மதியத்துக்குள் நாலும் நம் மாடியில் இறங்கும், உன் அப்பா பேர் கிளப் பலகையில் ஏறும் என்று. அவள் “சரி மாமா” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் “சரி மாமா” எந்த வகை என்று அவளைப் பெற்றவர் உங்களுக்குத் தெரியும்.

நான் ஏன் இவ்வளவு உறுதியாக இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். போன கிளப் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். இந்த வருடப் பந்தயத்துக்கு யார் யார் பறவை என்று பேர் வாசித்துக்கொண்டு வந்த டயர்க்கடைக்காரர் என்னிடம் வந்ததும், “அண்ணே, அந்த லேட் குஞ்சுங்கள அடுத்த வருஷம் பாத்துக்கலாம், பாவம், சின்னப் பிள்ளைங்க” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்துவிட்டேன். “யாரு சின்னப் பிள்ளை? உன் புறா கூண்டுக்குள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடி என் புறா நாலும் தீனி தின்னு முடிச்சுத் தூங்கிட்டு இருக்கும்” என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். தட்டிய தட்டில் தேநீர்க் கோப்பைகள் எல்லாம் எகிறின. இப்போது ஊர் முழுக்க இதுதான் பேச்சு. கடைக்குக் குழாய் வாங்க வருகிறவர்கள்கூட, “என்ன முதலாளி, நாலும் ரெடியா?” என்று கேட்காமல் போவதில்லை. ரெடி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்ன சொல்லில் நின்றுதான் மூன்று மாடி கட்டினேன்.

ஆகவே சம்பந்தி, நீங்கள் அதிகம் யோசித்து முழங்காலைச் சிரமப்படுத்திக்கொள்ள வேண்டாம். “என் வளையம் அணிந்த நாலு பறவைகளையும் என் சம்பந்தி பந்தயத்தில் விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை” என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பறவைகளைப் பந்தயக் கூடையில் ஏற்றும் நாளுக்கு முன்பாக என் கைக்குக் கிடைக்க வேண்டும். கவரும் விலாசமும் இதோடு வைத்திருக்கிறேன், தபால்தலைகூட ஒட்டிவிட்டேன், நாக்கை நனைக்கிற வேலைகூட உங்களுக்கு இல்லை.

வீட்டில் அண்ணியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் மனைவி உங்கள் இருவரையும் விசாரித்தாள். நம் பிள்ளைகள் இரண்டு பேரும் நம்மைப் பற்றி ஒற்றுமையாகக் குறை சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள், அவர்கள் என்றும் அப்படியே இருக்கட்டும். உங்கள் கால் சீக்கிரம் குணமாகி, லிஃப்டை நம்பாமல் நீங்கள் எங்கள் மாடிப்படி ஏறி வருகிற நாளை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: டயர்க்கடைக்காரர் கடைசித் தாள் வரை படித்துவிட்டு, “பிரமாதமா எழுதியிருக்கீங்கண்ணே, இதுக்கு அவர் மறுக்கவே முடியாது” என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் தெருவைத் தாண்டித் தன் கடைக்குள் நுழைகிற வரை பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பந்தி, தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

இன்று காலை வாஷரைக் கையில் எடுத்தேன். மற்றதெல்லாம் வாதம், இது சரக்கு. குரல்கூட இன்னும் உடையவில்லை, கீச் கீச் என்கிறது. பந்தயத்துக்குப் போகிற வீரன் என் உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டு, வாயைப் பிளந்து, எனக்கு ஊட்டிவிடு என்று கேட்கிறான். கூடப் பொரித்தது அதற்கு ஒரே ஒரு நாள் மூத்தது, முதல் ஈட்டு இரண்டும் ஒரு மாதம் மூத்தவை, அவ்வளவுதான். முகம் தெரியாத ஒரு ஆள் கடைக்கு வந்து இப்படி ஒரு பொருளைக் கேட்டிருந்தால், ஐயா இது இன்னும் தயாராகவில்லை, பிறகு வாருங்கள் என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்தச் சம்பந்தியிடம் தள்ளிவிடப் பார்க்கிறேன். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் திறந்துவிட்டால் இவற்றில் ஒன்றுகூடத் திரும்பாது. உங்கள் மகள் சொன்னது சரி. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லமாட்டீர்கள், எனக்கும் அதுதான் பயம்.

நானாகப் பின்வாங்க வழி இல்லை. மேஜையைத் தட்டியாயிற்று. நான் விலகினால் அது தோல்வி. நீங்கள் மறுத்தால் அது சம்பந்தி மரியாதை, அதை மீறச் சொல்லி எந்தக் கிளப்பும் என்னைக் கேட்க முடியாது. ஆகவே மறுப்பை வழவழவென்று எழுதாதீர்கள், அதைப் படிக்கப்போவது டயர்க்கடைக்காரர். “என் பறவைகளைத் தொடக்கூடாது” என்கிற தோரணையில், கொஞ்சம் திமிராகவே எழுதுங்கள். உங்களுக்கு வராவிட்டால் அண்ணியாரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். சரக்கு நல்ல சரக்கு, அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. இந்த வருடத்துச் சரக்கு இல்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் நாலும் இறகு மாற்றி, குரல் உடைந்து, நட்டுச் சத்தம் மறந்து எழும்பட்டும், அப்போது மேஜையை நான் இரண்டு கையாலும் தட்டுகிறேன்.

இன்னும் ஒன்று. உங்கள் மறுப்பு வந்ததும் கடை நடுவில் நின்று அதை உரக்கப் படித்துவிட்டு, உங்களைப் பற்றி நாலு வார்த்தை காட்டமாகப் பேச வேண்டியிருக்கும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகளிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன். “தாராளமா திட்டுங்க மாமா, பத்தலன்னா கூப்பிடுங்க, எங்கிட்ட இன்னும் நெறைய இருக்கு” என்று சொல்லியிருக்கிறாள்.